மீன்முள்

சனாயே அண்ணி கிண்ணத்தை என் முன்னால் வைத்தபோதே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அம்மா போய் ஒரு வருஷம். அவள் நினைவுக்கென்று கூட்டிய தேநீர் விருந்தில், பெற்ற மகளான என்னைக் கடைசி விருந்தாளியாக உட்கார வைத்திருந்தாள். கடைசியில் இருப்பவள் கிண்ணங்களை நகர்த்தலாம், வாய் திறக்கக் கூடாது. கேள்வி கேட்பது முதல் விருந்தாளி, பதில் சொல்வது வீட்டுக்காரி. எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறாள். முதல் இடத்தில், அவள் புதிதாகச் சேர்ந்திருக்கும் தேநீர்க் குழுவின் தலைவர் ஹிராய்.

குடித்து முடிந்ததும், நாங்கள் பார்ப்பதற்காகத் தேயிலைத் தூள் டப்பியையும் மூங்கில் கரண்டியையும் பாயில் வைத்துவிட்டு அண்ணி உள்ளே போனாள். கரண்டி கைமாறி என்னிடம் வந்தது. நாலு தலைமுறை கை பட்டுப் பழுப்பேறிய மூங்கில். கணுவுக்குக் கீழே ஒரு கோணல். அம்மாவின் கொள்ளுத்தாத்தா கனசவா சந்தையில் மீன் விற்றவர். மீன் வெட்டும் கத்தியாலேயே இதைச் செதுக்கினார், கத்தி வழுக்கிய இடம் அது. இப்படிப்பட்ட கரண்டிகளுக்குப் பெயர் சூட்டுவது வழக்கம்; 'மீன்முள்' என்று பெயரும் அவரே வைத்தார். யாராவது பெயரைக் கேட்டால், சொல்வதற்குள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இரண்டையும் பழைய இடத்தில் வைத்தோம். அண்ணி வந்து உட்கார்ந்தாள்.

"கரண்டி யார் செஞ்சதுங்க?" என்றார் ஹிராய்.

"கியோட்டோ மடத்துச் சாமியார் ஒருத்தர் கைப்படச் செதுக்கினது. எங்க பொறந்த வீட்டுச் சொத்துங்க."

"அடடா! பேரு?"

"'இளவேனில் நிலா'."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளின் நினைவு நாளில் செத்தவளின் பொருளை முன்னால் வைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல்! மீன் கடையிலிருந்து வரும் அம்மாவை, வாடை ஆகாதென்று பின்வாசல் வழியாக வரச் சொன்னவள் இவள். அதையும் அம்மா சிரித்துக்கொண்டே பொறுத்துப்போனாள். அந்தச் சிரிப்பின்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

"பொய்," என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"மிட்சுயோ, கடைசில உக்காந்தவ பேசற வழக்கம் இல்லம்மா." அண்ணியின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது.

"செத்தவளுக்குப் பேச வாயில்ல அண்ணி. அதான் நான் பேசறேன். அது மீன்முள். செஞ்சவரு மீன்காரரு. எங்கம்மாவோடது."

ஹிராய் தொண்டையைச் செருமினார். "பேரு என்னவா இருந்தா என்னம்மா? நல்ல கரண்டி. விடுங்க."

விடுவதாவது! முழங்காலில் நகர்ந்து முன்னால் போனேன். கரண்டியை எடுத்து, கிமோனோவின் கழுத்து மடிப்புக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. முறைப்படி வலது கையில் டப்பியை எடுத்தாள். கரண்டியைப் பிடிக்க வேண்டிய இடது கை விரல்களையும் முறைப்படியே மடக்கிக்கொண்டாள். அந்த வெறுங்கையோடு வாசல்வரை போய், திரும்பி உட்கார்ந்து, எல்லோருக்கும் தலை வணங்கினாள். ஹிராய் குனிந்தார். வரிசையாக எல்லோரும் குனிந்தார்கள். குனிந்தால் மூங்கில் ஒடிந்துவிடும் என்று நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.