எண்ணூறு கிராம்

தராசின் எண் ஐம்பத்தெட்டு கிலோ எழுநூறில் வந்து நின்றது. கார் பந்தயத்துக்கு முன்னால் இதே பெண் இதே உள்ளுடையில், வெறுங்காலோடு ஏறியபோது அறுபத்தொன்று முந்நூறு. எடை பார்க்கும் அதிகாரியான தராசம்மா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "இறங்கி மறுபடி ஏறும்மா" என்றாள். ஏறினாள். அதே எண்.

தராசம்மாவுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. ஒரு காலத்தில் போட்டிகளில் பளு தூக்கியவள். எடைப்பிரிவுக்குள் நுழைய என்னென்ன தில்லுமுல்லு உண்டோ அத்தனையும் பார்த்தவள், ஒன்றிரண்டைச் செய்தும் பார்த்தவள். ஒரு முறை இரண்டு கிலோ இறக்குவதற்காகக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவடைத்த அறையில் பகல் முழுக்கக் குதித்து மயங்கி விழுந்திருக்கிறாள். இவள் என்னடாவென்றால் ஒன்றரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு இரண்டு கிலோ அறுநூறைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாள். காதில் பூச்சுற்றவும் ஓர் அளவு வேண்டாமா? ஓட்டுபவர் எடை விதித்த அளவுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் குறைக்கு வண்டியில் ஈயக்கட்டி ஏற்ற வேண்டும். அதைத் தட்டிக்கழிக்க, முதலில் ஏறும்போது உடம்பில் எங்கோ ஈயத் தகட்டை ஒளித்திருக்கிறாள், அவ்வளவுதான். நிரூபணமானால் அவளுடைய இந்த வருடப் புள்ளிகள் மொத்தமும் போகும்.

"எங்கம்மா அந்த ஈயம்?"

"வேர்வை மேடம்." சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "நீங்க கையெழுத்து போட்டாதான் நான் தண்ணி குடிக்க முடியும்."

"உக்காந்து ஓட்டுறதுக்கு இவ்வளவு வேர்வையா? அப்ப பஸ் டிரைவரெல்லாம் இந்நேரம் காத்துல பறந்திருக்கணுமே!"

"எங்கள விளையாட்டுக்காரங்கன்னு யாரும் ஒத்துக்கறதில்ல, பழகிடுச்சு. திருடின்னு மட்டும் எழுதிடாதீங்க."

அந்தக் குரல் தராசம்மாவை என்னவோ செய்தது, ஆனால் குரலுக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாது. கழற்றிப் போட்டிருந்த அங்கி, காலணி, கையுறை எல்லாவற்றையும் வாளியில் அள்ளி எடை போட்டாள். பந்தயத்துக்கு முன்பு இவற்றுக்கு எழுதியதைவிட ஒரு கிலோ எண்ணூறு கூடுதல். அங்கியைப் பிழிந்தால் கொட்டியது. சரி, மீதி எண்ணூறு கிராம் எங்கே?

நேரே பந்தய வண்டிக்குப் போனாள். டார்ச்சை அடித்து இருக்கைக்கு அடியில் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. உள்ளே நுழைந்து உட்கார்ந்து, மிதிகளுக்குப் பின்னால் பார்த்தாள். அடுப்பங்கரையில் கதவைச் சாத்தியது போல வெக்கை. கால் தற்செயலாக பிரேக்கில் பட்டது. அமுங்கவில்லை. தன் எடையைப் போல இரண்டு மடங்கைத் தோளில் வைத்து எழுந்த கால். ஊன்றி மிதித்தாள். ஒரு விரற்கடை நகர்ந்தது.

"இன்னும் அழுத்தணும் மேடம்," என்றான் வெளியே நின்ற மெக்கானிக். "ஒரு சுத்துக்குப் பதினொரு தடவ. நாப்பது சுத்து."

"யாரு உன்னக் கேட்டா?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தாள். தொடை நடுங்கியது. மடியில் படிவம், காதில் பேனா. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் இன்னும் சுவரோரம், திறக்காத தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தராசம்மாவின் முகவாயிலிருந்து ஒரு சொட்டு வேர்வை, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் விழுந்து, அந்த வெக்கையில் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.