முதல் சம்பளத்துக்கு எழுதிய நன்றி

எங்கள் ஊர் காணையில் செல்போனுக்குக் காசு ஏற்றும் கடை வைத்திருக்கும் நடராசன் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம்தான். காரியம் இல்லாமல் ஆளைக் கூப்பிடுகிறவன் இல்லை அவன்.

“சித்தப்பா, இங்க வா. நம்ம பிரபாவதி நெட்டுல வந்துருக்குது பாரு.”

போனை முகத்துக்கு நேராக நீட்டினான். உள்ளே என் மகள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கிறாள். நெற்றியில் பொட்டு இல்லை. தலைக்கு மேல் புதுத் தகரக் கூரை. கீழே பொடியாக என்னவோ எழுதியிருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், அவ்வளவு சின்ன எழுத்து எனக்கு ஓடாது. நடராசனே படித்தான், கடையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

“‘விழுப்புரத்தில் அரசாங்க வேலையை ஆண்டவரிடமிருந்து பெற்றுக்கொண்ட சகோதரி பிரபாவதி, தன் முதல் மாதச் சம்பளத்தை முதற்பலன் காணிக்கையாக அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜெபக்கூடத்துக்குக் கூரை கிடைத்தது. ஸ்தோத்திரம்.’ இன்னா சித்தப்பா, ஸ்தோத்திரமா?”

முதல் மாதச் சம்பளம் வரத் தாமதமாகும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

“அது யாரோ. எம்பொண்ணு மாதிரி இருக்குது.”

“பேருகூடவா மாதிரி இருக்குது?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வேலைக்கு நடராசன் மகன் தென்னரசும் போய் வந்தவன். அவனுக்குக் கிடைக்கவில்லை. அன்றையிலிருந்து நடராசன் என்னைப் பார்த்தால் கூடுதலாகத்தான் சிரிக்கிறான்.

எங்கள் சாதிக்குச் சர்க்கார் ஒதுக்கின இடத்தில்தான் பிரபாவுக்கு வேலை. இந்துவாக இருக்கும்வரைதான் அந்த இடம். கிறிஸ்தவ வேதத்துக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தால் சர்டிபிகேட் செல்லாது, வேலையும் போய்விடும். சேர்ந்த பிறகும் ஒரு விசாரணை வரும், அது முடிந்தால்தான் உறுதி. அந்த விசாரணை இன்னும் வரவில்லை. புருசனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டில் இருக்கிறாள். கரும்பு வெட்ட எனக்கு இனி இடுப்பு வளையாது.

சாயந்திரம் அவள் வந்ததும் கேட்டேன்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான நைனா கிளியனூர் வரிக்கும் போனேன். இங்க பக்கத்துல இல்லாத சர்ச்சா?”

“நீ ஒளிஞ்சிகினு போன. அந்தப் பாஸ்டரு ஊரு உலகத்துக்கே படம் போட்டுட்டான்.”

“அவரு நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு.”

“நல்லதுக்கு செய்யறவன்தான் ஆள ஒழிப்பான்.”

அந்தப் பாஸ்டர் பேர் லூர்து பிரகாஷ். என் பெண்சாதி அம்சா முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் கட்டிலாக வந்து ஜெபம் பண்ணினவன். டீக்கடைக்காரர் கொடுத்த கஞ்சியைக் கொண்டுவந்து ஊட்டுவான். அம்சா அவன் கையால் குடித்தாள், செத்தும் போனாள். பிரபா மட்டும் அவனைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு எந்தச் சபையும் சம்பளம் தருவதில்லை. யாரிடமும் வாய் திறந்து கேட்கவும் மாட்டானாம். என்ன வேண்டுமோ அதை நெட்டில் எழுதுவான், பிளாக் என்று அதற்குப் பெயராம். எங்கேயோ இருப்பவன் படித்துவிட்டு அனுப்புவான். வந்ததும் கொடுத்தவன் பேர், ஊர், படம் எல்லாம் போட்டு நன்றி எழுதுவான். கேட்காமலே சாப்பிடுகிற ஆளிடம் ஏதோ சூது இருக்கும் என்று நான் அப்போதே நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒருவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண்ணும் அப்படித்தான். எல்லாரும் என் மகளைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. எட்டி எட்டிப் பார்த்தேன். “இன்னா தாத்தா, என் போன்ல இன்னா தேடற?” என்று அவள் முறைத்தாள். திண்டிவனத்தில் இறங்கிப் பாண்டிச்சேரி பஸ் மாறிக் கிளியனூர் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

ஜெபக்கூடம் என்பது ஒரு கொட்டகை. தகரம் மட்டும் புதுசு. பாஸ்டர் தரையில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தான். பாதியை என் பக்கம் தள்ளினான்.

“சாப்பிடுங்க ஐயா. பக்கத்து நெலத்துக்காரரு குடுத்தாரு.”

“அந்தப் பொட்டி?” பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது.

“சிங்கப்பூர்ல ஒரு பிரதர் குடுத்தது. எல்லாமே யாரோ குடுத்ததுதான் ஐயா, இந்தச் சட்டைகூட.”

சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம், அவ்வளவு தொளதொள.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சாதி, சர்டிபிகேட், விசாரணை, நடராசன், எல்லாம். அவன் கையிலிருந்த மல்லாட்டை அப்படியே நின்றுவிட்டது. நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

“எனக்கு இது தோணவே இல்லீங்களே ஐயா. குடுத்தவங்க பேர எழுதலன்னா நானே அமுக்கிகினேன்னு ஆவும். வாங்கினத மறைக்கறது திருட்டு. அதான் எழுதினேன்.”

“நீ நேர்மையா இருக்கறதுக்கு எம்பொண்ணு வேலதான் கெடச்சிதா?”

என் கண் முன்னாலேயே அழித்தான். படம் இருந்த இடம் வெள்ளையாகப் போனது.

“இனிமே அவ பேரு எதுலயும் வரக் கூடாது பாஸ்டரே.”

“வராதுங்க ஐயா. இதுக்காக நான் ஜெபிக்கறேன்.”

“ஜெபிங்க. வாயக் கட்டிகினு ஜெபிங்க.”

அந்த ஒரு வாரம்தான் சோறு இறங்கியது. அப்புறம் நடராசன் வீட்டுக்கே வந்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனை எடுத்தான்.

“உங்க பாஸ்டரு மறுபடி எழுதிக்கிறாரு சித்தப்பா. கேளு. ‘விழுப்புரத்தில் வேலை பார்க்கும் ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள். அவர்கள் விசுவாசம் வெளியே தெரிந்தால் சாதிச் சான்றிதழும் வேலையும் போய்விடும் என்று வயதான தகப்பனார் கண்ணீரோடு வந்து சொன்னார். விசாரணை நல்லபடியாக முடிய ஜெபியுங்கள்.’”

நடராசன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“பேரு போடல. சொன்ன சொல்லு காப்பாத்திட்டாரு. ஆனா கண்ணீரு யாருதுன்னு எனக்குத் தெரியாதா?”

நான் கண்ணீர் விடவே இல்லை. அதையும் சேர்த்துப் போட்டிருக்கிறான் பாவி. அவனுக்குப் பசி என்றாலும் அங்கேதான் எழுதுவான், பயம் என்றாலும் அங்கேதான் எழுதுவான். ஜெபக் குறிப்பு எழுதினால் ஆண்டவர் மட்டும் படிப்பார் என்று நினைக்கிற ஆளிடம் போய் நான் என் குடியைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

“மொதல்ல வந்த படம் அழிஞ்சிபோச்சே நடராசா.”

“அழிச்சா போயிடுமா? நான் புடிச்சி வெச்சிருக்கேன்.”

“உனுக்கு இன்னாடா வேணும்?”

“எனக்கு இன்னா வேணும்? விசாரண வந்தா நெசத்த சொல்லணும்ல.” சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

பிரபா போன் போட்டுச் சொல்ல, பாஸ்டர் அதையும் அழித்தான். அழித்து என்ன? அதற்குப் பிறகு தெருவில் எந்த பைக் வேகம் குறைத்தாலும் எனக்கு மூத்திரம் முட்டியது. அம்சா மாட்டியிருந்த சாமி படங்களைத் தூசி தட்டிக் கதவுக்கு எதிரே மாட்டினேன். பொட்டு வைக்காமல் வெளியே போகாதே என்று பிரபாவிடம் சொன்னேன். சின்னப் பேத்தி கிளியனூர்ப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே தட்டு கழுவினாள். ஓடிப்போய் வாயைப் பொத்தினேன். பிள்ளை பயந்து அழுதது.

வி.ஏ.ஓ. ஒரு மத்தியானம் வந்தார். முதலில் நடராசன் கடை முன்னால் நின்றார், பிறகு எதிர் வீடு, பிறகு எங்கள் வீடு. அன்றைக்கு பிரபா லீவு.

“பெரியவரே, மொட்டப் பெட்டிஷன் வந்துக்குது.” பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே படம். “இத வெச்சி நான் ரிப்போட்டு எழுதினா அம்மாவுக்கு வேல இல்ல.”

“சார், வேண்டுதலுக்கு ஒருநாளு போச்சி சார். நாங்க மாரியாத்தா கும்புடறவங்க. படத்தப் பாருங்க சார், பாருங்க.” சுவரில் மாட்டியிருந்த சாமி படங்களைக் காட்டினேன்.

“பாக்கறேன், பாக்கறேன். எதுக்கு எல்லாருக்கும் பேஜாரு? அம்மா, ஒண்ணு எழுதிக் குடு. நான் இந்துதான், எந்தச் சபையிலயும் இல்ல, வேண்டுதலுக்குப் போனேன், அவ்ளோதான்னு. ஜல்தியா எழுது, எனக்கு வேற எடத்துக்குப் போவணும்.”

பேனாவைக் கொடுத்தார். பிரபா வாங்கிக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை. எதிர் வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“எழுதும்மா,” என்றேன் நான். “புள்ளைங்கள நெனச்சி எழுது.”

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். வி.ஏ.ஓ. மடித்து வைத்துக்கொண்டார்.

“இனிமே அந்தப் பக்கம் போற வேல வெச்சிக்காத. இன்னொரு போட்டோ வந்துச்சின்னா, உன்னோட நானும் மாட்டுவேன்.”

அவர் போன பிறகு அவள் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“பொய் எழுத வெச்சிட்டல்ல நைனா.”

“வேல இருக்குதில்ல?”

“இருக்குது,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமனே இருந்தது.

“எங்க?”

“எழுதினதுக்கு மன்னிப்பு கேக்கணும். போறேன்.”

“வீட்டுலயே கேளு. ஆண்டவருக்குக் காது இல்லியா?”

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாப்பு வரை பின்னாலேயே போனேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எதைச் சொல்லிக் கத்துவது? கத்தினால் நானே பெட்டிஷன் கொடுத்த மாதிரி. அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளியனூரில் நான் உள்ளே போகவில்லை. கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை கிடந்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூலிக்காரர்கள், பொம்பளைகள், ஒவ்வொருவராக வந்தார்கள். கேப்பைக் கூழுக்கு வழி இருக்கோ இல்லையோ, எல்லாரிடமும் போன் இருக்கிறது.

“போன குடு.”

“எதுக்கு தாத்தா?”

“குடுன்னா குடு. போவும்போது வாங்கிக்க.”

“சினிமாக் கொட்டாயா இது?” என்றாள் ஒருத்தி. ஒருத்தன் திட்டினான். ஆனாலும் போட்டார்கள். சத்தம் கேட்டு பாஸ்டர் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“நான் உங்க கால்ல வுழணும் ஐயா.”

“கால்ல வுழ வேணாம். உன் போன குடு.”

சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு தயங்கினான். “இன்னிக்கி ஒருத்தரு மூட்ட அரிசி கொண்டாந்தாரு ஐயா. அவருக்கு ஒரு நன்றி மட்டும்...”

“குடு.”

கொடுத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பாட்டு ஆரம்பித்தது. அத்தனை குரலிலும் பிரபா குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. இவ்வளவு சத்தமாகப் பாடுகிறவள் என்று எனக்குத் தெரியாது.

ரோட்டில் ஒரு பைக் வேகம் குறைந்தது. கொட்டகைக்கு நேரே நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கொட்டகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“இன்னா பெரியவரே, உள்ள கூட்டமா?”

“கூட்டம்லாம் ஒண்ணும் இல்ல. நீ போ.”

அவன் போகவில்லை. கூடைக்குள் ஒரு போன் அடிக்க ஆரம்பித்தது. துண்டைப் போட்டு மூடினேன். இன்னொன்றும் சேர்ந்து அடித்தது. எதை அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. கூடையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அந்த ஆள் வண்டியை ஸ்டாண்ட் போட்டு இறங்கினான், பேண்ட் பைக்குள் போன கை ஒரு போனோடு வெளியே வந்தது.