பொம்மை வாயில் நுழையாத பெயர்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கடையநல்லூர் இர்ஷாத் குறும்படம் எடுப்பவன். அவன்தான் கேட்டான்.

"அண்ணாச்சி, பொம்மையப் பேசவைக்கிறவன் ஒருத்தன். பொம்மை கெட்டது. கடைசில அது அவன் பொண்டாட்டியக் கொல்லுது. எழுதித் தாங்க."

சரி என்றேன். எழுதுவதற்குத்தான் சரி. கொலைக்கு அல்ல.

2

தொடக்கம் ஒன்று: இருட்டறையில் பொம்மையின் கண்கள் மெல்லத் திற—

(வேண்டாம். மரக்கட்டைக்கு நான் பயப்படுவதில்லை.)

தொடக்கம் இரண்டு: சங்கரன்கோவிலில் சங்கரபாண்டி இல்லாத கல்யாண வரவேற்பு குறைவு. மடியில் கிட்டு என்கிற பொம்மை; அதன் முதுகுக்குள் அவன் கை. அது மாப்பிள்ளையைக் கலாய்க்கும், பெரிய மனிதர்களை வாரும். சங்கரபாண்டியின் உதடு மட்டும் அசையாது.

இது நிற்கும். வைத்துக்கொள்கிறேன்.

3

உதடு ஒட்டாமல் ப, ம இரண்டும் வராது. அதனால் இந்தத் தொழிலில் அந்த ஒலிகள் வரும் சொற்களை ஒதுக்கிவிடுவார்கள். சங்கரபாண்டியின் மனைவி பெயர் லட்சுமிப்ரியா. அதில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே மேடையில் கிட்டு அவளைத் ‘தடிச்சி’ என்றது. கூட்டம் சிரித்தது. பிறகு வீட்டிலும் தடிச்சி, தெருவிலும் தடிச்சி.

(வீட்டில் உதட்டை ஒட்டுவதற்கு என்ன தடை? எனக்கு இவன்மேல் கோபம் வருகிறது. கதாசிரியன் நடுநிலையாக இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் இருக்கட்டும்.)

கரிவலம்வந்தநல்லூரில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் மட்டும் பாக்கி. அங்கே அவள் இன்னும் லட்சுமிப்ரியா டீச்சர்.

4

இன்று அவள் தங்கைக்குக் கல்யாண வரவேற்பு.

"இன்னைக்கு மட்டும் என்னைய விட்டுருங்க. ஸ்கூல்லேருந்து எல்லாரும் வாராங்க. நாளைக்கு நான் கிளாஸ்ல நிக்கணும்லா" என்றாள்.

"சரிட்டி" என்றான்.

மேடையில் கிட்டு தலையைத் திருப்பியது. "தடிச்சி எங்க? சோத்துக்கு நிக்காளா?"

மண்டபம் சிரித்தது. பள்ளிக்கூட வரிசையும் சிரித்தது.

லட்சுமிப்ரியா மேடையேறினாள். "சொல்லாதீங்கன்னு சொன்னேம்லா."

"நான் எங்க சொன்னேன்? கிட்டுல்லா சொல்லுதான்" என்றான் சங்கரபாண்டி.

5

இர்ஷாத்தின் முடிவு: பொம்மை எழுந்து அவள் கழுத்தை—

(எழுதியதை அடித்துவிட்டேன். பழியெல்லாம் பொம்மைக்குப் போய்விடும். சங்கரபாண்டி கேட்பதும் அதைத்தான்.)

வேறொரு முடிவு: சங்கரபாண்டி மனம் திருந்தி, கண்கலங்கி—

(நடக்காது. கைதட்டல் கிடைக்கிறவரை இவன் திருந்த மாட்டான்.)

இர்ஷாத் போனில் கெஞ்சினான். "ரத்தம் இல்லாம யாரு அண்ணாச்சி பாப்பாங்க?"

"பாக்காட்டா போகட்டும்லே. அவளக் கொல்ல மாட்டேன்."

6

ஆகவே இப்படி: அவள் ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றினாள். பொம்மையை ஏறிட்டும் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வரிசையைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

அவளுக்கென்று ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தேன். நல்ல வசனம், கைதட்டல் விழும். கிழித்துப் போட்டுவிட்டேன். அவளை நான் பேசவைத்தால் அவள் முதுகுக்குள் என் கை நுழைந்துவிடும்.

வாய் திறக்கிறாள். இனி நான் குறுக்கே வரமாட்டேன். நீங்கள் அந்தப் பள்ளிக்கூட வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவள் பேசி முடிக்கிறவரை இருந்து கேளுங்கள். நாளைக் காலையில் பள்ளி வாசலில் அவள் வந்து இறங்கும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.