சீவிய உருளை

துப்பாக்கிச் சந்தை என்று பேர்தான் பெரிய பேர். உள்ளே நுழைந்தால் உலர்ந்த மாட்டிறைச்சி, சீனத்துக் கத்தி, ஈரச் சாக்கு போல நாறும் ராணுவக் கோட்டு, இவைதான் முதல் நான்கு வரிசை. போன மாதம் இதே கொட்டகையில் பன்றிக் கண்காட்சி நடந்தது. அந்த வாடையே தேவலை என்று தோன்றியது ஹார்லனுக்கு.

அமெரிக்காவில், இந்தியானாவின் இந்த மூலையில் முப்பது வருஷமாக அவர் வராத சந்தை இல்லை. இன்று அவர் தேடியது ஒரே ஒரு பொருள், தன் ரிவால்வருக்குப் பொருந்துகிற மூன் கிளிப். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டத் தகடுதான். ஆறு தோட்டாக்களையும் அடிப்பக்கம் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அப்படியே துப்பாக்கியின் சுழலும் உருளைக்குள் இறக்கிவிடலாம்.

ரிவால்வர் அன்று காலையில்தான் கைக்கு வந்தது. நடுவில் மடங்கித் திறக்கிற பழைய ஆங்கிலேயப் பட்டாளத்துச் சாமான். அதை விற்றவன் இதே சந்தையில் மேசை போட்டிருந்த டெல்பர்ட், அவருடைய முப்பது வருஷ நண்பன். கூடவே நாலு கிளிப்பும், அமெரிக்க ராணுவக் கைத்துப்பாக்கியில் போடுகிற சாதாரணத் தோட்டாவில் ஒரு பெட்டியும் கொடுத்தான். வண்டியில் உட்கார்ந்து, மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை அந்தக் கிளிப்பில் மாட்டி இறக்கிப் பார்த்தார். ஆறும் பல் ஆடுகிற மாதிரி ஆடின. கொஞ்சம் கனமான தகடு வேண்டும்.

மேசை மேசையாக ஏறி இறங்கினார். ஒருவனிடம் இருந்த கிளிப் தடித்துப்போய் உருளையையே சுற்றவிடவில்லை. இன்னொருவன், கிளிப் என்னத்துக்கு, ரப்பர் வளையம் போட்டுக்கொள் என்றான். மூன்றாமவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தேர்தலைப் பற்றி ஆரம்பித்தான். இந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தவர்கள் எல்லாருமே நிபுணர்கள். ஹார்லனுக்கு வெறுத்துப் போயிற்று.

கடைசி வரிசையில் ரொவீனா. எழுபது வயசு, வீட்டிலேயே தோட்டாவுக்கு மருந்து நிரப்பி விற்கிறவள். எட்டுத் தினுசு கனத்தில் கிளிப்புகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அவர் நீட்டிய ரிவால்வரை மடக்கித் திறந்து, உருளையின் பின்னோரத்தை வெளிச்சத்துக்குக் காட்டினாள். அங்கே பொறித்திருந்த எண்ணின் மேல்பாதியைக் காணோம்.

"இதை எவனோ சீவியிருக்கான் பாரு," என்றாள். "இதுக்குன்னு செஞ்ச தோட்டா வேற. குண்டு பெரிசு, மருந்து கம்மி, அடியில தடிச்ச விளிம்பு இருக்கும். அது இங்க கெடைக்கலேன்னுதான் பின்பக்கத்தைச் சீவி, நம்ம ஊர்த் தோட்டா கிளிப்போட எறங்குற மாதிரி பண்ணிட்டானுங்க."

"எறங்குதுல்ல?"

"எறங்கும். வெடிக்கவும் வெடிக்கும். ஆனா கடைத் தோட்டாவோட வேகத்தை இந்த இரும்பு தாங்காது. நான் மருந்து கொறைச்சுப் போட்டுத் தரேன், அதை மட்டும் சுடு. கடைத் தோட்டாவைச் சுட்டேன்னா பத்தாவதோ நூறாவதோ, ஒண்ணுல துப்பாக்கியே ஒன் கையில வெடிச்சுப் பிரியும். அப்புறம் விரலை எண்ணிக்கிட்டு இரு."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விடப் போனவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. காலையில் டெல்பர்ட்டின் மேசையில் இதே ரகத்தில் இரண்டு இருந்தன. ஒன்றை அவர் வாங்கினார். மற்றதை, ஹார்லன் அந்த மேசைக்குப் பின்னால் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தபோது, பச்சை மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் வாங்கிக்கொண்டு போனாள். சரியாக இருக்குமா என்று கேட்டாள். டெல்பர்ட், அப்பழுக்கில்லை என்றான். ஹார்லனும் தலையை ஆட்டினார்.

திரும்பி ஓடினார். விஷயத்தைச் சொன்னதும் டெல்பர்ட் பதறுவான் என்று எதிர்பார்த்தார். அவன் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

"சீவினதுதான். அதுக்கென்ன இப்போ? இதையெல்லாம் எவன்டா சுடறான்? ரெண்டு தடவை சுட்டுட்டு அலமாரில வெச்சுப் பூட்டிருவா."

"தெரிஞ்சேவாடா என் தலையில கட்டினே?"

"ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். ரசிச்சு வாங்கினே, நடுவுல நான் எதுக்குக் கெடுக்கணும்?"

அந்தப் பெண்ணின் பேர், ஊர் என்ன என்று கேட்டார். ஆளுக்கு ஆள் கைமாற்றுகிறதில் பேர் எழுதுகிற பழக்கம் என்றைக்கடா இருந்தது என்று சிரித்தான் டெல்பர்ட். அதுவும் நிஜம்தான். பேர் எழுதச் சட்டம் வரப்போகிறது என்று புரளி கிளம்பியபோது ஊர்க் கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தியவர் ஹார்லனேதான்.

விரிசல் விட்ட துப்பாக்கிக் கட்டையில் மெழுகை அடைத்து விற்ற கதை, துருவின் மேல் சாயம் பூசித் தள்ளிய கதை, இதையெல்லாம் டெல்பர்ட் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பான்! ஹார்லனும் அவன் மனைவி செய்த பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியையும் குழம்பையும் வழித்துத் தின்றபடி கண்ணில் நீர் வரச் சிரித்தவர்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

நுழைவுச் சீட்டுக் கொடுக்கிற ஆளிடம் போய், ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னார். சந்தையில் பீதி கிளப்ப முடியாது என்று சொல்லிவிட்டான். பிறகு வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் சேற்றில் வரிசை வரிசையாக அலைந்தார். தவிடு ஏற்றிய ஒரு பிக்கப்பின் பக்கத்தில் பச்சைக் கோட்டு தெரிந்தது. அவள் வண்டியின் முன்மூடி மேல் டெல்பர்ட் கொடுத்த தோட்டாப் பெட்டியைத் திறந்து வைத்து, கிளிப்பில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள். போகிற வழியில் கல்குவாரியில் சுட்டுப் பார்க்கப் போகிறாளாம்.

மூச்சிரைக்கச் சொல்லி முடித்தார். அவள் நம்பவில்லை.

"வண்டிகிட்ட வந்து பயமுறுத்தி அடிமாட்டு வெலைக்கு வாங்கிட்டுப் போறவங்களை நான் நெறையப் பாத்துட்டேன் சார். வேற ஆளைப் பாருங்க."

"எனக்கு நீ ஒண்ணும் தர வேண்டாம்மா. இதைப் பாரு, அப்புறம் உன்னோடதைப் பாரு."

தன்னுடையதைத் திறந்து அந்தப் பாதி எண்ணைக் காட்டினார். அவளும் திறந்தாள். அவளுடையதில் எண்ணின் கால்பாகம்கூட இல்லை. ரொவீனா சொன்னதை அப்படியே சொன்னார். கோழிகளைப் பிடிக்க வருகிற நரிக்காக அதை வாங்கியவள், தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"காலையில அந்த மேசைக்குப் பின்னாடி உக்காந்திருந்தது நீங்கதானே?"

"ஆமா."

"அந்த ஆளோட மூஞ்சியை நான் நம்பல. சரியா இருக்குமான்னு உங்களைப் பாத்துத்தான் கேட்டேன்."

"அப்போ எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாமத்தான் தலையாட்டினீங்களா?"

அடுத்தவன் வியாபாரத்தில் வாய் வைக்கக் கூடாது, அதுதான் சந்தை முறை என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அந்த வார்த்தைகள் அவருக்கே நாறின. நிறுத்திக்கொண்டார்.

"நீங்களும் ஒண்ணு வாங்காம இருந்திருந்தா," என்று கேட்டாள் அவள், "இப்படி ஓடி வந்திருப்பீங்களா?"

ஹார்லன் தன் ரிவால்வரை மடக்கி மூடினார். அவள் ஆறு தோட்டாக்களையும் கிளிப்பிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் போட்டு, பெட்டியையும் ரிவால்வரையும் பைக்குள் திணித்தாள். காசைத் திருப்பி வாங்கித் தருகிறேன், கூட வருகிறேன் என்று பையைப் பிடிக்கக் கை நீட்டினார். செத்த எலியைப் பார்க்கிற மாதிரி அந்தக் கையைப் பார்த்தாள்.

"நானே வாங்கிக்கறேன். நீங்க வராதீங்க. வந்தீங்கன்னா மறுபடி அவன் பக்கத்துல போய் உக்காந்துருவீங்க."

அவள் கொட்டகையைப் பார்த்து நடந்தாள். ஹார்லன் சேற்றிலேயே நின்றார்.