ரோவெனா டோரனைத் திருப்பிக் கொடுத்த கதை

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் சுடுகிறவர்கள்தான். நான் பியாயா சுடுகிறேன். கரும்புச் சர்க்கரையை மாவுக்குள் வைத்துத் தட்டி, கல்லில் வாட்டி, பெட்டியில் போட்டு விற்கிறேன். என் மனைவி ரோவெனா துப்பாக்கி சுடுகிறாள். தொழிலில் அவள் பல் மருத்துவர். எங்கள் ஊரான பக்கோலோடில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, இடுப்பில் உறை கட்டிக்கொண்டு, கரும்புக் காட்டுக்கு நடுவே இருக்கும் கிளப்புக்குக் கிளம்பிவிடுவாள். நான் வண்டி ஓட்டுவேன், பெட்டி தூக்குவேன், காதுமூடி போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அவள் ஆடுவது ஒரே இடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கிற ஆட்டம் இல்லை. நேரம் கணக்கிடும் கருவி 'பீப்' என்றதும் உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, ஓடி, தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அட்டைகளையும் எஃகுத் தட்டுகளையும் சுட வேண்டும். தட்டு விழுந்தால்தான் கணக்கு. நேரத்துக்கும் மதிப்பெண், குறிக்கும் மதிப்பெண்.

அவள் கையில் இருப்பது வெல்கார் கம்பெனித் துப்பாக்கி. அந்தப் பெயரைக் கேட்டதும் கிளப்பில் புருவம் உயரும். அது விற்கிற விலைக்கு உள்ளூரில் செய்த நல்ல துப்பாக்கி இரண்டு வாங்கி, மிச்சத்துக்குத் தோட்டாவும் வாங்கிவிடலாம் என்பார்கள். ரோவெனா அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதாக இன்னொரு வெல்கார் வாங்கினாள். கிளப்பில் வெல்கார் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர். அவர்கள் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். மற்றவர்கள் அந்த மேசைக்கு 'வெல்கார் சபை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பூசைக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார்கள், வெல்காருக்கு எண்ணெய் போடாமல் இருக்க மாட்டார்கள் என்று கேலி.

கேலியில் முதல் ஆள் மானோங் மிரோ. கரும்பு ஏற்றும் லாரிகள் வைத்திருப்பவர், எங்கள் இருவருக்கும் மூத்தவர்; மூத்த ஆணை மானோங் என்றும் பெண்ணை மானாங் என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். வருஷத்துக்கு ஒரு துப்பாக்கி மாற்றுவார்.

"டாக், அதுக்குள்ள அப்படி என்னதான் வச்சிருக்கான்? தங்கமா?" என்பார்.

"உங்களுக்கு ரெண்டு தங்கப் பல்லு கட்டிவிட்ட டாக்டர்கிட்ட வந்து தங்கத்தப் பத்திக் கேக்குறீங்களே மானோங். வாயத் திறங்க, தங்கம் எங்க இருக்குன்னு காட்டுறேன்."

"துப்பாக்கி விலையச் சொல்லுங்க, வாய் தன்னால திறந்துக்கும்."

இப்படித்தான் போகும். எனக்கும் மனசுக்குள் மிரோ கட்சிதான். வெளியே சொன்னதில்லை.

அவள் அந்தத் துப்பாக்கியிடம் போய்ச் சேர்ந்த விதம் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் என் அண்ணனின் பழைய நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கியை வைத்துத்தான் பழகினாள். அவள் கை சின்னது. விசையை எட்ட ஒவ்வொரு தடவையும் பிடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். குண்டு இடப்பக்கமாய்ப் போகும். பயிற்சி கொடுத்தவர்கள் எல்லாரும் "கை பலம் போதாது" என்றார்கள். பல் பிடுங்குகிறவளிடம் போய்க் கை பலம் போதாது என்றால் எப்படி இருக்கும்? ஒரு நாள் செபு தீவிலிருந்து வந்த ஒரு பெண்மணி தன் வெல்காரை அவள் கையில் கொடுத்தார். ரோவெனா அதைப் பிடித்தாள், சுடக்கூட இல்லை, சும்மா கீழே பார்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னாள்: "நெஸ், என் கை அளவுல ஒரு கை உலகத்துல இருக்குன்னு யாரோ ஒருத்தன் யோசிச்சிருக்கான்."

அவளும் ஒரு வெல்கார் வாங்கினாள். அதற்கப்புறம் அவளுக்குக் கை பலம் போதாது என்று யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் அர்மெல் வந்தான். எங்கள் ஊரில் பெரிய துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன். சட்டை எப்போதும் பளபளக்கும், பேச்சு அதைவிடப் பளபளக்கும். டோரன் என்ற புதுத் துப்பாக்கி நிறுவனத்துக்கு எங்கள் நெக்ரோஸ் தீவு முழுவதற்கும் அவன்தான் ஏஜெண்ட். ஒரு அணி சேர்த்துக்கொண்டிருந்தான். கிளினிக் மூடும் நேரம் பார்த்து ஒரு பெட்டியோடு வந்து உட்கார்ந்தான்.

"மானாங், எங்க அணிக்கு உங்கள மாதிரி ஒருத்தங்க வேணும். தோட்டா எங்க செலவு, போட்டிக் கட்டணம் எங்க செலவு, கப்பல் டிக்கெட் எங்க செலவு. துப்பாக்கி இதுதான். நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. இதத்தான் சுடணும்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். தோட்டா எங்க செலவு என்று அவன் சொன்னதும் எனக்கு அவன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ரோவெனா பெட்டியைத் திறந்தாள். டோரன் அழகான சாமான். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். கையில் எடுத்தாள், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டாள், சன்னலோரம் காலி இடத்தைப் பார்த்து விசையை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

நியாயமாகத்தான் சுட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குச் சாக்குத் தேடவில்லை. மழைக்காலம் முடியும் வரைக்கும் ஞாயிறு தவறாமல் டோரன்தான். வெல்கார் இரண்டும் வீட்டுப் பெட்டகத்தில் தூங்கின. வெல்கார் சபை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. மிரோவுக்குக் கொண்டாட்டம்.

"பாத்தீங்களா, கடைசில மதம் மாறிட்டாங்க," என்று கிளப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நவம்பரில் கிளப்புக்குள் ஒரு சின்னப் போட்டி. ரோவெனா டோரனோடு இறங்கி, பெண்களில் முதலாவதாக வந்தாள். ஆண்களில் பாதிப்பேர் அவளுக்குப் பின்னால்தான். அர்மெல் கைகுலுக்கினான், படம் எடுத்தான், அடுத்த மாதம் பக்கத்துத் தீவில் இருக்கும் இலோய்லோவில் நடக்கும் மண்டலப் போட்டிக்கு அணிச் சட்டை தைக்க அளவு கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே, "அப்புறம் சொல்றேன்," என்றாள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னாள்: "நாளைக்கு இதத் திருப்பிக் கொடுத்திடலாம்."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். "ஜெயிச்சிருக்க. எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்?"

"ஜெயிச்சேன். மூணாவது கட்டத்துல ஒரு தட்டு விழல, பாத்தியா?"

"பாத்தேன். அடுத்த குண்டுல விழுந்துச்சே."

"விழலன்ன உடனே நான் எங்க பாத்தேன் தெரியுமா? துப்பாக்கியப் பாத்தேன். கண்ணு தன்னால கீழ போச்சு. இது சரியா இருக்கான்னு ஒரு சந்தேகம். கண் சிமிட்டுற நேரந்தான். ஆனா பாத்தேன்."

"அதுனால என்ன? புதுசு, பழகிரும்."

"பழகலாம். ஆனா நெஸ், ஒருத்தர் வாயத் திறந்துட்டுப் படுத்திருக்கார். நான் துளை போட்டுட்டு இருக்கேன். அப்ப என் கையில இருக்கிற கருவியப் பத்தி நான் நினைக்கவே கூடாது. அவர் பல்லு மட்டுந்தான் இருக்கணும். வெல்கார் வச்சு நான் தப்பா சுட்டா, தப்பு என்னோடது. அதுல எனக்குச் சந்தேகமே வராது. பழி போட வேற ஆள் இல்ல. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

"அந்த நிம்மதிக்கா வருஷம் பூரா தோட்டாச் செலவு?"

"ஆமா. அந்த நிம்மதிக்குத்தான் முதல்லயே அந்த விலை கொடுத்தேன். பேர் பொறிச்சிருக்கிறதுக்கு இல்ல."

மறுநாள் அவளே கடைக்குப் போனாள். நான் கூடப் போனது, மனசு மாறுவாளா என்ற நப்பாசையில்.

அர்மெல் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினான். "இதுல என்ன குறை மானாங்? சொல்லுங்க, கம்பெனிக்கு எழுதுறேன்."

"குறை ஒண்ணும் இல்ல தம்பி. நல்ல துப்பாக்கி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்."

"அப்புறம்?"

"எனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சு," என்றாள். அர்மெல் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

இலோய்லோவுக்குச் சொந்தச் செலவில்தான் போனோம். வெல்கார் இரண்டும் பூட்டிய பெட்டியில் என் மடியில். கப்பலில் மிரோவும் எங்களோடு இருந்தார். புதுசாக வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எந்த ஊரில் செய்தது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. வழிநெடுக அதன் பெருமை பாடினார்.

போட்டியன்று வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. இரண்டாவது கட்டத்தில் மிரோவின் புதுத் துப்பாக்கி பாதியில் நின்றுபோனது. சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கிற கொக்கி உடைந்துவிட்டது. அங்கே வைத்துச் சரிசெய்ய வழியில்லை. வேறு துப்பாக்கி கிடைத்தால் தொடரலாம் என்று தலைமை அதிகாரி அனுமதி கொடுத்தார். மிரோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

ரோவெனா தன் இரண்டாவது வெல்காரை உறையோடு எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"டாக், வேணாம். நான் பேசின பேச்சுக்கு..."

"பேச்சுக்கு அப்புறம் பதில் சொல்றேன். எழுந்திரிங்க, உங்க பேரக் கூப்பிடுறாங்க."

இப்போது மிரோ வெளுத்து வாங்குவார் என்றுதான் நான் நினைத்தேன். வெல்கார் சபையும் அப்படித்தான் நினைத்திருக்கும். எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிரோ மகா மோசமாகச் சுட்டார். அவருடைய பெரிய உள்ளங்கைக்குள் அந்தப் பிடி காணாமல் போயிற்று. விசை அவர் எதிர்பார்த்ததைவிட லேசு. குறி சேரும் முன்பே குண்டு போய்விட்டது. இரண்டு தட்டுகள் அசையவே இல்லை. முடித்துவிட்டு வந்தவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக், இதுல ஒண்ணுமே இல்லையே."

"நான் இருக்குன்னு சொன்னேனா? இருக்குறதெல்லாம் நான் சுட்டுச் சுட்டு வச்சது. அத உங்களுக்கு இரவல் கொடுக்க முடியாது மானோங்."

ரோவெனாவின் முறை வந்தது. அந்த நாளிலேயே கடினமான கட்டம் அது: தாழ்ந்த சன்னல் வழியாக நாலு தட்டு, பிறகு ஓட்டம், கடைசியில் தூரத்து அட்டைகள். பீப் சத்தம் கேட்டது. முதல் இரண்டு தட்டும் விழுந்தன. மூன்றாவது விழவில்லை. நான் தட்டைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. தட்டின் மேலேயே இருந்தது. அடுத்த குண்டு, தட்டு சாய்ந்தது, நாலாவதும் சாய்ந்தது, அவள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தாள். தூரத்து அட்டைகளை அவள் சுட்டதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஆள் என்னிடம், "யாருங்க அவங்க?" என்றான்.

"என் சம்சாரம்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

காலியான துப்பாக்கியை அதிகாரியிடம் காட்டி உறையில் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "மூணாவது தட்டுல விசைய வெடுக்குன்னு இழுத்துட்டேன். அவசரப்பட்டேன்," என்றாள், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான், அந்தத் தட்டைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

பெண்களில் முதல் இடம் அவளுக்கு. மொத்தத்தில் ஏழாவது. மிரோ கடைசியிலிருந்து இரண்டாவது.

சாயங்காலம் கோழி சுடும் கடையில் உட்கார்ந்தோம். சிவப்பான அனாட்டோ விதை எண்ணெய் சொட்டச் சொட்டக் கோழியும், பூண்டுச் சோறும், கலமான்சி எலுமிச்சை பிழிந்த சோயாவும். மிரோ கையாலேயே வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்; தோல்வி அவர் பசியைத் தொடவில்லை. அர்மெல் எங்கள் மேசைக்கு வந்து நின்றான். அவனுடைய அணியும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"மானாங், யோசிச்சுப் பாத்தேன். நீங்க வெல்காரையே வச்சுக்கோங்க. எங்க கடைச் சட்டைய மட்டும் போட்டுக்கிட்டு நில்லுங்க. கட்டணம் எங்களுது."

"டோரன்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். கடை என்னோடது. நல்லா சுடுறவங்க எங்கிட்ட வந்து உக்காந்து பேசுறாங்கன்னு தெரிஞ்சாலே எனக்குப் போதும்."

"தோட்டா?" என்றேன் நான்.

அர்மெல் சிரித்தான். "பாதி, மானோங்."

ரோவெனா அவன் போட்டிருந்த சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "நிறம் இதுதானா?"

"இதுதான்."

"அந்தப் பளபளப்பு வேணாம். பருத்தித் துணியில தச்சுக் கொடு, போட்டுக்கிறேன்."

அவன் ஒப்புக்கொண்டான். மிரோ எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "தம்பி, டாக் திருப்பிக் கொடுத்தாங்களே அந்த டோரன், அது இன்னும் கடையிலதான் இருக்கா?"

"இருக்கு மானோங்."

"அதக் கொஞ்சம் எடுத்து வையி. அவங்க கையில நல்லாத்தான் சுட்டுச்சு."

மிரோ பெயருக்கு அதன் உரிமக் காகிதம் வந்து சேர மாசக்கணக்கு ஆயிற்று. இப்போது மிரோ டோரன்தான் சுடுகிறார், பரவாயில்லாமல் சுடுகிறார். அவர் உள்ளங்கைக்கு அது சரியாக அமைந்திருக்கிறது. போன ஞாயிறு ரோவெனாவிடம் வந்து, இனி சாகும்வரை வேறு துப்பாக்கி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவள் நம்பினாளா என்று தெரியாது. ஆனால் பிடியை இன்னும் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லி, அவர் கைவிரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். நான் வெயிலில் நிற்க முடியாமல் நிழலுக்குப் போய்விட்டேன்.