கபூக்கா வேலி எவ்வளவு உயரம்?

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டக்கலை இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற, கடல்காற்றைத் தாங்குகிற உயிர்வேலி ஒன்றைப் பற்றி. நடுவது எப்படி, பராமரிப்பது எப்படி, வழக்கமான தவறுகள் என்ன. நியூசிலாந்தின் தென்கோடியில் இத்தனை வருடம் குடியிருக்கிறவனுக்கு இதைவிட லேசான வேலை கிடைக்காது. இங்கே எல்லார் வீட்டு வேலியிலும் நிற்கிற கபூக்காச் செடியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியம் இப்படி வந்தது:

"கபூக்கா வளர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதை எப்போது வெட்டக்கூடாது என்பதை. இது தெரியாத ஆள் எங்கள் தெருவில் அலெக் ஒருவர்தான், ஏனென்றால்"

அதோடு நிறுத்திவிட்டேன். அது பொய். எங்கள் தெருவுக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவர் அலெக்தான். பிறகு ஏன் அவரே தப்பான பருவத்தில் வெட்டினார்? கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. இதழ்க்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

2

(கட்டுரையில் தேறிய பகுதி. வீணாக்க மனமில்லை.)

ஒரு சாண் குச்சியை ஒடித்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். உப்புக்காற்றுக்குக் கபூக்கா அசையாது. வேர் தண்ணீரில் நின்றால் மட்டும் செத்துப்போகும். வெட்டும்போது மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் வெயில் படாமல் மொட்டையாகிவிடும். அப்படி மொட்டையானாலும் கவலையில்லை. வெறும் அடிமரம் வரைக்கும் வெட்டினாலும் மறுபடி தழைக்கும். ஆனால் அதை வசந்தத்தில்தான் செய்ய வேண்டும். குளிருக்கு முன்னால் வெட்டினால் இளந்தளிர் உறைபனியில் கருகும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இரண்டு வீடுகள். இடது வீடு அலெக்குடையது. இறைச்சி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, எண்பதைத் தொடுகிறவர். வலது வீடு குராவுடையது. இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி, அவரைவிடப் பத்து வயது இளையவர், வாயும் அதற்கேற்ப நீளம். நடுவில் கபூக்கா வேலி, ஆள் உயரத்துக்கும் மேலே.

அவரவர் பக்கத்தை அவரவர் வெட்டுவது இங்கே வழக்கம். மேல்பக்கம் யாருக்குமே சொந்தமில்லை, ஆகவே அதில்தான் சண்டைகள் வரும். இவர்களுக்குள் வந்ததில்லை. அலெக் ஏணி போட்டு மேல்பக்கம் முழுவதையும் வெட்டிவிடுவார். குரா அதற்குப் பதிலாக ஒரு வாளி தித்திப் பறவை கொடுப்பார். உப்பிலிட்ட கடற்பறவை, வேகவைத்தால் தெருவே நாறும், தின்றால் விடமுடியாது.

(இருவருக்கும் இடையே ஒரு காதலை நுழைத்துப் பார்த்தேன். "குராவின் கண்களில் அன்று ஒரு" என்று தொடங்கி அடித்துவிட்டேன். குரா படித்தால் என்னை வாளிக்குள் போட்டு உப்பிட்டுவிடுவார்.)

3

இங்கே குளிர் நெருங்குகிற மாதம் ஏப்ரல்; அது பிறந்ததும் குரா குடும்பத்தோடு தித்தி பிடிக்கத் தீவுக்குப் போவார். மே கடைசியில்தான் திரும்புவார். அந்த வருடம் அவர் படகேறிய மறுவாரமே அலெக் கைரம்பத்தோடு வேலியருகே நின்றார். நான் தெருவைக் கடந்து போனேன்.

"என்ன அலெக், இப்பவா வெட்டுறீங்க? பனி வரப்போகுதே."

"அடி மொட்டையாப் போச்சுய்யா. இறக்கி வெட்டினாத்தான் தழைக்கும்."

"நீங்கதானே வசந்தத்துலதான் வெட்டணும்னு சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ போய் கதை எழுது, எழுத்தாளரே."

மெதுவாக, நாளுக்குக் கொஞ்சமாக, மொத்த வேலியையும் இடுப்பளவுக்கு இறக்கிவிட்டார். இலையே இல்லை. வரிசையாக மொட்டைக் கட்டைகள்.

குரா வந்து இறங்கிய நாள் தெற்குக் காற்று சுழற்றிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏ கிழவா, என்ன பண்ணி வச்சிருக்க?"

"தழைச்சிடும் குரா."

"எப்போ? நான் செத்தப்புறமா? சமையக்கட்டுக்குள்ள காத்து வந்து அடுப்பை அணைச்சிடும். என் கிறிஸ்துமஸ் உருளைக்கிழங்கை எங்க போட்டு வளர்க்கிறது, உன் தலையிலயா?"

இந்த ஊரில் கிறிஸ்துமஸ் மேசைக்குப் புது உருளைக்கிழங்கு கட்டாயம். குராவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த வேலியின் மறைவில் விளைந்த கிழங்குதான். அலெக் உள்ளே போய்விட்டார். வழக்கமாக அன்றே வரும் வாளி அன்று வரவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு அலெக் மேல் சந்தேகம் வந்தது. மனிதர் மேல் இல்லை, பாத்திரத்தின் மேல்.

முதல் வரைவில் அவரைப் பொறாமைக்காரர் ஆக்கினேன். ஒட்டவில்லை. இரண்டாவதில் மறதி வந்தவராக. அதுவும் இல்லை, என் தோட்டத்தில் நான் போன வருடம் செய்த தப்பெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றாவதில் கடலைப் பார்க்க ஆசைப்பட்டு வெட்டினார் என்று எழுதினேன். எழுதும்போது அழகாக இருந்தது. மறுநாள் பார்த்தால் கடல் வேறு பக்கம்.

கதை தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது குராதான் என்னைத் துணி காயப்போடும் இடத்துக்குக் கூப்பிட்டார்.

"இங்க வந்து நில்லு. அவன் கொல்லையைப் பாரு."

அத்தனை வருடம் வேலி மறைத்திருந்த கொல்லை. சுவரோரம் ஏணி படுத்துக் கிடந்தது.* படிகளுக்கு நடுவே புல் முளைத்து, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, பழுத்திருந்தது.

"கோடையிலேருந்தே ஏணிய அவன் தொடல," என்றார் குரா. "விழுந்திருக்கான்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"அவனா சொல்லுவான்? மேல வெட்ட முடியல. வெட்டாம விட்டா எல்லார் கண்ணுலயும் படும். அதான் நின்ன இடத்துலேருந்து எட்டுற உயரத்துக்கு அறுத்துட்டான், மடையன்."

குரா ஒரு துணிக் கிளிப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கோபம் போயிருந்தது. அது போன இடத்தில் அவருக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது. வருத்தம்தான், வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

* அலெக் விழுந்ததை நான் பார்க்கவில்லை. குராவும் பார்க்கவில்லை. அதை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து கற்பனை செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணியையும் புல்லையும் கற்பனை செய்யவில்லை.

5

எல்லார் கண்ணும் என்றால் ஒரே ஒரு ஜோடிக் கண்தான். அலெக்கின் மகள் ஷோனா. இன்வர்கார்கிலில் முதியோர் குடியிருப்பில் அப்பாவுக்கு அறை பார்த்து வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை, பயந்தவர். அப்பாவுக்குத் தோட்ட வேலை முடியவில்லை என்று தெரிந்த நாளில் வீட்டை விற்றுவிடலாம் என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள். அலெக் அதற்குச் சரி என்று சொன்னது, அந்த நாள் வராது என்ற தைரியத்தில்.

ஜூன் மாத நீண்ட வார இறுதியில் ஷோனா வந்தார். சீஸ் ரோல் தட்டோடு காரிலிருந்து இறங்கியவர் கட்டை வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார். குரா தன் பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அலெக் வாசலில். நான் எதிரே, தபால்பெட்டியில் இல்லாத தபாலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது என்ன? யார் இப்படி வெட்டினது?"

அலெக் வாசற்படியில் ஓர் அடி இறங்கினார்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றார் குரா, நிமிராமலே. "அடியெல்லாம் மொட்டை. வெளிச்சமும் இல்ல. உங்கப்பனுக்கு மனசே இல்ல, நான்தான் நச்சரிச்சு வெட்ட வச்சேன்."

"குளிர்காலத்துலயா குரா ஆன்ட்டி?"

"எனக்கு என்னம்மா தெரியும் செடியைப் பத்தி."

ஷோனா அப்பாவைப் பார்த்தார். "இவ்வளவும் நீங்களேவா அறுத்தீங்க?"

"வேற யாரு," என்றார் அலெக்.

"பரவாயில்லையே, தெம்பாத்தான் இருக்கீங்க."

மறுநாள் காலை அலெக் வீட்டு வாசலில் ஒரு வாளி இருந்தது. தெரு நாறியது.

6

கபூக்கா சாகவில்லை. சில தளிர்களைப் பனி கருக்கியது. அக்டோபரில் எல்லாக் கட்டையிலும் மறுபடி அரும்பு வெடித்தது. கட்டுரைக்குத் தேவையான தகவல் இது: நன்கு வேரூன்றிய செடி இப்படிப்பட்ட தப்பையும் தாங்கும்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். சோம்பேறி எழுத்தாளன் முடித்திருப்பான். ஆனால் தளிர் வளர்கிறதே. இடுப்பைத் தாண்டிவிட்டது. குராவின் அடுப்புக்கும் கிழங்குக்கும் அது தலைக்கு மேலே போக வேண்டும். அலெக்குக்கு இடுப்பில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் மறுபடி ஏணி, இல்லாவிட்டால் ஷோனா.

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

வேலி உயர்கிறது. அலெக் வியாழக்கிழமை பந்துருட்டும் கிளப்புக்குப் போனதும் குரா ஏணி போட்டு மேல்பக்கத்தை வெட்டுகிறார், ஷோனாவுக்குத் தெரியவே தெரியாது. (அலெக்குக்குத் தெரியும். திரும்பி வந்து வேலியைப் பார்ப்பார். பார்த்த பிறகு அவர் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.)

வேலி தாழ்ந்தே நிற்கிறது. குரா கிழங்குப் பாத்தியை மாற்றிவிட்டுக் காற்றோடு சமைக்கிறார். (ஒரு குளிர்காலம் தாங்குவார். பத்து?)

அலெக் தானே மகளிடம் உண்மையைச் சொல்கி... (நம்பமாட்டீர்கள். நானும்.)

ஆகவே நடந்ததை நடந்த வரைக்கும் சொல்கிறேன். டிசம்பர். தன் கொல்லையில் சாமான் கொட்டகை மறைவில், அந்த வருடத்துக்கென்று போட்ட சின்னப் பாத்தியில், குரா முதல் கிழங்கைத் தோண்டிப் பார்க்கிறார். அலெக் தோட்டக் கத்தரியோடு வேலிக்கு வருகிறார். இதுவரை அவர் யாரையும் கேட்டு வெட்டியதில்லை.

"குரா. எவ்வளவு உயரத்துக்கு விடட்டும்?"

குரா எழுந்து வேலியருகே வருகிறார். அலெக்கைப் பார்க்கிறார், அவருக்குப் பின்னால் புல்லில் கிடக்கும் ஏணியையும். பிறகு உயரத்தைக் காட்ட மண் ஒட்டிய கையைத் தூக்குகிறார்.

அந்தக் கை எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும், எதிரே நின்று பார்த்தவன் நான். சொல்லப்போவதில்லை. நீங்கள் எழுந்து நில்லுங்கள். உங்கள் கையைத் தூக்குங்கள். அலெக் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.