டெனிஸ் டார்சியின் கை

டெனிஸால் அன்று சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மனைவி ஹனோராதான் போட்டுவிட்டாள்.

எங்கள் டிராய் நகர பேஸ்பால் அணியில், மட்டையடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவன் டெனிஸ். அந்தக் காலத்தில் எல்லாம் வெறுங்கைதான். இரும்பாலை வேலையை விட்டுச் சம்பளத்துக்கு ஆட வந்ததிலிருந்து அவனுடைய எல்லா விரல்களும் உடைந்து கூடியிருந்தன. இடது நடுவிரல் இன்னொரு முறை உடைந்தால் கை மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆட்டமும் போகும், ஆலையிலும் சேர்க்கமாட்டார்கள்.

சட்டைக் காலர் தைக்கும் வேலை பார்த்த ஹனோரா, மான்தோலில் விரல்நுனி இல்லாத கையுறை ஒன்று தைத்திருந்தாள். அவன் கைத்தோலின் நிறமேதான்.

"தூரத்துல இருந்து பாத்தா தெரியாது."

"கையுறை போட்டுப் பிடிக்கிறவன் ஆம்பளையான்னு கேப்பாங்க, நோரா."

"நான் கேக்கமாட்டேன். எனக்குத் தெரியும்."

சிரித்துவிட்டுக் கையை நீட்டினான்.

மைதானத்தில் அந்தக் கையுறை கூட்டத்தில் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. பந்து கையில் விழும்போது பளார் என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்'தென்று கேட்டது.

"என்னடா, தலகாணில விழுந்த மாதிரி இருக்கு?"

"டேய், கையில என்னமோ மாட்டிருக்கான்!"

"குளிருதாடா செல்லம்?"

"நாளைக்குப் பாவாடை கட்டிட்டு வருவான் பாரு!"

டெனிஸின் கழுத்து சிவந்தது. கையுறையைக் கழற்றத் தொடங்கினான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஹனோரா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"டெனிஸ்! அதக் கழட்டினா வீட்டுப் பக்கம் வராத! பாவாடை வேணுங்கிறவன் எவன்? எங்கிட்ட ரெண்டு இருக்கு. கட்டிட்டுப் போய் அந்தப் பந்த வெறுங்கையால பிடிச்சுக் காட்டு!"

மைதானமே சிரித்தது. டெனிஸும் சிரித்தான். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு குனிந்து நின்றான்.

அடுத்த பந்து மட்டையின் விளிம்பில் உரசி, நேராக அந்த விரலின் அடியில் பாய்ந்தது. டெனிஸ் எழுந்தான். பந்து கையில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, அவள் இருந்த பக்கம் திரும்பி விரல்களை மெல்ல மடக்கினான், விரித்தான். எல்லாம் மடங்கின.

ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்தார்கள்.

"வலிக்குதா?"

"காதுதான் வலிக்குது. என்ன சத்தம்டி அது!" என்றவன், பக்கத்தில் ஆட்கள் இருப்பதைப் பொருட்படுத்தாமல் கேட்டான்: "வலது கைக்கும் ஒண்ணு தைச்சுத் தரியா?"

"அளவு எடுக்கணுமே. கையக் குடு."

வீடு போய்ச் சேரும்வரை அவள் அளவெடுத்துக்கொண்டே வந்தாள்.